டிராக்டர் பின்சக்கர ரிம்: துருவும் தேய்மானமும் பழுதுநீக்கமும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருவள்ளூர், செங்கல்பட்டு, காஞ்சிபுரம் மாவட்டங்களில் நவரை நடவு முடிந்து வண்டிகளுக்குச் சற்று ஓய்வு கிடைத்ததும், சென்னைப் புறநகர்ப் பட்டறைகளுக்குப் பின்சக்கரங்கள் வரத் தொடங்கும். அகலம் மாற்றிக்கொள்ளக்கூடிய ரிம்கள் பற்றி உரிமையாளர்களும் ஓட்டுநர்களும் அப்போது கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இவை.

அகலம் மாற்றக்கூடிய ரிம் என்பது எது? என் வண்டியில் இருப்பது அதுதானா?

இங்கே அகலம் என்பது இரு பின்சக்கரங்களுக்கும் இடையிலான தூரம். சக்கரத்தின் நடுவில் இருக்கும் குழிந்த தட்டும், டயரைத் தாங்கும் வெளிவளையமும் தனித்தனித் துண்டுகளாக இருந்து, போல்ட்டுகளால் இணைக்கப்பட்டிருந்தால் அதுவே இந்த வகை. நடுத்தட்டைப் பட்டறைகளில் டிஸ்க் என்பார்கள். வெளிவளையம்தான் ரிம்; அதன் உட்பக்கத்தில் பற்றவைக்கப்பட்டிருக்கும் காதுகள் லக். இந்த லக்குகள் ரிம்மின் நடுக்கோட்டில் இல்லாமல் ஒரு பக்கமாகத் தள்ளி அமைந்திருக்கும். டிஸ்க்கை உள்நோக்கியோ வெளிநோக்கியோ திருப்பலாம், ரிம்மைத் திருப்பலாம், லக்கின் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ டிஸ்க்கை வைக்கலாம். இவற்றைச் சேர்த்துப் பார்த்தால் எட்டு நிலைகள் கிடைக்கும். 1946 முதல் 1956 வரை தயாரான ஃபெர்குசன் டிஇ-20 (TE-20) வண்டியில் இந்த எட்டு நிலைகள் 48 அங்குலத்திலிருந்து 76 அங்குலம் வரை, நான்கு நான்கு அங்குலமாக ஏறின. இன்று நம் வயல்களில் ஓடும் பெரும்பாலான வண்டிகளின் பின்சக்கரங்களும் இதே ஏற்பாட்டின் வழி வந்தவைதாம்.

இன்னொரு வகையும் உண்டு. அதில் ரிம்மின் உட்பக்கத்தில் சாய்வாகச் சுற்றிவரும் பட்டைகள் இருக்கும். பிடிப்பான்களைத் தளர்த்தி, எஞ்சின் விசையாலேயே டிஸ்க்கை ரிம்முக்குள் சுழற்றி அகலத்தை மாற்றலாம். அமெரிக்காவில் அல்லிஸ்-சால்மர்ஸ் நிறுவனம் 1940-களின் இறுதியில் இதைப் பரவலாக்கியது. நம் பக்கத்தில் இது அரிது என்பதால், கீழே உள்ள விடைகள் லக் வகையைப் பற்றியே பேசுகின்றன.

வெளியே பெயிண்ட் நன்றாக இருக்கிறது. உள்ளே மட்டும் ஏன் இப்படி அரித்துப்போகிறது?

வெளியே படும் நீர் காய்ந்துவிடுகிறது, உள்ளே புகுந்த நீர் காய வழியில்லை. சேற்றுழவின்போது சக்கரம் கால்வாசிக்கு மேல் சேற்றில் புதைந்து ஓடுகிறது. வால்வு ஓட்டையின் வழியாகவும், டயரின் பீடு (ரிம்மில் உட்காரும் தடித்த உள்விளிம்பு) ரிம்மோடு சேரும் இடத்தின் வழியாகவும் சேற்றுநீர் உள்ளே புகுந்து, டியூபுக்கும் ரிம்முக்கும் இடையே தங்கிவிடுகிறது. சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று பட்டத்துக்கும் உழும் வண்டியில் அந்த இடம் ஆண்டு முழுவதும் ஈரமாகவே இருக்கும்.

அடுத்த காரணம் எடைக்காக டியூபில் நிரப்பும் தண்ணீர். டியூபில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தாலும் அந்த நீர் கசிந்து ரிம்மிலேயே நிற்கும். பனி உறையும் நாடுகளில், நீர் உறையாமலிருக்கக் கால்சியம் குளோரைடு கலந்து நிரப்புகிறார்கள். இரும்பை அரிப்பதில் அதற்கு இணை குறைவு. சென்னையில் எந்த மார்கழியிலும் டியூப் தண்ணீர் உறையப்போவதில்லை. ஆகவே அந்த உப்பை யார் பரிந்துரைத்தாலும் ஏற்க வேண்டாம். ஆனால் இங்கே குளோரைடு உப்பு வேறு வழியில் வந்துவிடுகிறது. மீஞ்சூர்ப் பகுதியின் நிலத்தடி நீரில் கடல்நீர் ஊடுருவியிருப்பது பல பத்தாண்டுகளாகப் பதிவாகியிருக்கும் செய்தி. அங்கும் பழவேற்காடு, எண்ணூர்ப் பக்கங்களிலும் உவர்ப்பான போர் தண்ணீரை டியூபில் நிரப்பினால், கையால் உப்புக் கலந்து ஊற்றியதற்கும் அதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. வாயில் வைத்தால் கரிக்கும் தண்ணீரை டியூபில் ஏற்றக் கூடாது; ஏரித் தண்ணீரோ மழைநீரோ மேல்.

உரமும் ஒரு காரணம். பொட்டாஷ் உரம் என்று நாம் வாங்கும் மியூரியேட் ஆஃப் பொட்டாஷ் என்பதே குளோரைடு உப்புதான்; டிரெய்லரில் சிந்தியது சக்கரத்தில் ஒட்டி, இரவுப் பனியில் கரைந்தால் போதும். கடற்கரையில் படகு இழுக்கும் வண்டிகளின் ரிம்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், அவை தனிக் கதை.

டயரைக் கழற்றாமலே ரிம்மின் நிலையைக் கண்டுபிடிக்க முடியுமா?

ஓரளவுக்கு முடியும். வால்வைச் சுற்றி நகத்தால் சுரண்டிப் பாருங்கள்: பெயிண்ட் கொப்புளமாக எழும்பி, அதன் அடியில் துரு ஏடு ஏடாக உரிந்தால் அது உள்ளிருந்து வந்த துரு. பிறகு சிறிய சுத்தியலால் ரிம்மைச் சுற்றிலும் தட்டிக்கொண்டே வாருங்கள். கனமான இடத்தில் கணீரென்று ஒலிக்கும். மெலிந்த இடத்தில் சத்தம் மட்டமாக விழும். சந்தேகமான இடத்தில் கூரிய பஞ்ச் (புள்ளி குத்தும் உளி) ஒன்றை வைத்து மிதமாக அடித்துப் பார்க்கலாம், ஆனால் காற்றை முழுவதும் இறக்கிய பிறகே.

இவை முன்னறிகுறிகள் மட்டுமே. டியூப் ஒரே ஆண்டில் இரண்டு முறை ரிம் பக்கமாகப் பஞ்சர் ஆகியிருந்தால், வேறு சோதனை எதுவும் தேவையில்லை. டயரைக் கழற்றிவிட வேண்டியதுதான்.

எந்த ரிம்மைச் சரிசெய்யலாம், எதைப் பழைய இரும்புக்குப் போட வேண்டும்?

துரு எவ்வளவு பரவியிருக்கிறது என்று பார்ப்பதைவிட, எந்த இடத்தில் ஆழமாக இறங்கியிருக்கிறது என்று பார்ப்பது முக்கியம். ரிம்மின் நடுப்பள்ளத்தில் வால்வைச் சுற்றி ஓர் அடி நீளத்துக்குச் சல்லடையாகிப் போயிருந்தாலும், அந்தத் துண்டை வெட்டியெடுத்து வேறு தகடு வைத்துவிடலாம். ஆனால் பீடு உட்காரும் இடம் சுற்றளவு முழுவதும் குழிகுழியாகி மெலிந்திருந்தால் அந்த ரிம்மைக் காப்பாற்ற நினைப்பது வீண். டயரின் முழுப் பிடிப்பும் அங்கேதான் இருக்கிறது. அந்த வளைவைப் பட்டறையில் கையால் உருவாக்க முடியாது.

எங்கள் பட்டறையில் நாங்கள் வைத்திருக்கும் அளவுகோல் எளிமையானது. துருவை நீக்கிய பிறகு, கெடாத இடத்தின் கனத்தோடு ஒப்பிட்டு, பீடு பகுதியில் கால் பங்குக்கு மேல் போயிருந்தால் ரிம்மைக் கழித்துவிடுவோம். நடுப்பள்ளத்தில் பாதி போயிருந்தால்கூட, சேதம் ஓரிடத்தில் அடங்கியிருந்தால் ஒட்டுப்போடுவோம். ரிம்மின் வெளிவிளிம்பில் குறுக்காக விரிசல் ஓடியிருந்தால், அது எவ்வளவு சிறியதாக இருந்தாலும், வேலையை ஒப்புக்கொள்வதில்லை.

சின்ன ஓட்டைதானே, டயர் மாட்டியிருக்கும்போதே வெல்டிங் வைத்துவிடக் கூடாதா?

கூடவே கூடாது. காற்றை இறக்கியிருந்தாலும் கூடாது. டியூபில் தண்ணீர் இருந்தாலும் கூடாது. ரிம்மில் ஏறும் சூடு உள்ளே ரப்பரைச் சிதைக்கிறது; அதிலிருந்து எரியக்கூடிய வாயுக்கள் கிளம்பி டயருக்குள் அடைபடுகின்றன. அவை தீப்பற்றும்போது டயர் வெடிக்கிறது. வெல்டிங் முடிந்து, வேலை செய்தவர் எழுந்துபோன பிறகும் வெடிக்கலாம். உலகெங்கும் டயர்ப் பட்டறைகளில் இந்த அவசரத்தால் உயிர்கள் போயிருக்கின்றன. போல்ட்டைக் கேஸ் வெல்டிங் தீயால் சூடாக்கிக் கழற்றுவதற்கும் இதே விதி பொருந்தும். டயரை முழுவதும் கழற்றி வேறிடத்தில் வைத்த பிறகே நெருப்பு.

சக்கரத்தைக் கழற்றும்போது எதில் கவனம் வேண்டும்?

முதலில் தண்ணீரை வெளியேற்ற வேண்டும். 13.6-28 அளவுள்ள டயரின் டியூபில் முக்கால் பங்கு நிரப்பினால் சற்றேறக்குறைய 150 லிட்டர், அதாவது 150 கிலோ. டயர், ரிம், டிஸ்க் எடை தனி. சாய்ந்தால் ஒருவரால் தாங்க முடியாது. வால்வை அடிப்பக்கம் கொண்டுவந்து, உள்குச்சியைக் கழற்றி, வடிய விட்டு, மிச்சத்துக்குக் காற்றேற்றி வெளியே தள்ளலாம். வண்டியை ஜாக்கியில் மட்டும் நிறுத்தாமல், அச்சுக்கு அடியில் கனமான மரக்கட்டைகளை அடுக்கி அதன்மேல் இறக்கி வைக்க வேண்டும். முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் ஆப்பு வைக்க மறக்க வேண்டாம். ரிம்மையும் டிஸ்க்கையும் பிரிக்கும் முன், எந்தப் பக்கம் எது இருந்தது என்று சாக்பீஸால் குறித்துக்கொண்டால் மாட்டும்போது தலைவலி இல்லை.

போல்ட்டு துருவேறி அசையவே மறுக்கிறது. என்ன செய்வது?

துரு இளக்கும் எண்ணெயை முந்தின நாளே ஊற்றி ஊறவிடுங்கள். மறுநாள் நட்டின் இரு பக்கங்களிலும் இரண்டு சுத்தியலை எதிரெதிராக வைத்து ஓர் அடி கொடுத்தால் பாதிப் போல்ட்டுகள் இளகும். இளகாதவற்றை வெட்டிவிடுவதே புத்திசாலித்தனம். பழைய போல்ட்டைக் காப்பாற்றப்போய் லக்கை வளைத்துவிட்டால் செலவு பல மடங்காகும். எப்படியும் புதிய போல்ட்டுதான் போட வேண்டும். போடுவது 8.8 என்று தலையில் அச்சிட்ட தரமாக இருக்கட்டும்.

துருவை எப்படி முழுவதும் நீக்குவது?

கிரைண்டரில் கம்பி பிரஷ் மாட்டித் தேய்ப்பது மேல்துருவுக்குப் போதும். குழிகளுக்குள் இருப்பதை அது மெருகேற்றிவிட்டுப் போய்விடும், பார்க்கச் சுத்தமாகத் தெரியும். ஆழமான துருவுக்குப் பிளாஸ்டிங்தான், அதாவது காற்றழுத்தத்தில் துகள்களைப் பீய்ச்சி அடிப்பதுதான் சரி. அம்பத்தூர், திருமுடிவாக்கம் தொழிற்பேட்டைகளைச் சுற்றி இந்த வேலை செய்யும் இடங்கள் உண்டு. ஆற்று மணலை வைத்து அடிப்பவர்களிடம் கொடுக்க வேண்டாம் என்பது எங்கள் கருத்து: அந்தத் தூசியில் உள்ள சிலிகா அங்கே நிற்கும் தொழிலாளியின் நுரையீரலைக் கெடுக்கிறது. தாமிரக் கசடோ இரும்புத் துகளோ பயன்படுத்துபவர்களைத் தேடுங்கள்.

வீட்டிலேயே செய்ய விரும்புபவர்கள் பாஸ்பாரிக் அமிலம் கலந்த துருமாற்றியைத் தடவலாம். தளர்ந்த துருவை முதலில் சுரண்டி எடுக்காமல் தடவினால் பலன் இல்லை. சலவைச் சோடா கரைத்த நீரில் மின்சாரம் செலுத்தித் துரு நீக்கும் முறை போல்ட்டு, பிடிப்பான் போன்ற சிறு உதிரிகளுக்கு அருமையாக வேலை செய்யும். 28 அங்குல ரிம்முக்கு அவ்வளவு பெரிய தொட்டி யாரிடம் இருக்கிறது? செய்தால், திறந்த வெளியில் செய்யுங்கள், ஹைட்ரஜன் வாயு வெளிவரும். மறுமுனையாக (பாசிட்டிவ்) எவர்சில்வர்த் துண்டைப் போட வேண்டாம்; அதிலிருந்து நச்சுள்ள குரோமியம் கரைந்துவிடும்.

வால்வு ஓட்டையைச் சுற்றி ரிம் ஓட்டையாகிவிட்டது. ஒட்டுப்போடும் சரியான முறை என்ன?

ஓட்டையின் மேல் தகட்டைப் போர்த்தி நான்கு பக்கமும் வெல்டிங் வைப்பதுதான் வழக்கமாக நடக்கிறது. அது தவறு. இரண்டு தகடுகளுக்கு இடையே ஈரம் நின்று, அடுத்த துரு அங்கேயே தொடங்கும். போர்த்திய தகட்டின் விளிம்பு டியூபையும் அறுக்கும்.

கெட்ட பகுதியைத் தாண்டி, நல்ல கனமான இரும்பு வரும் வரை வெட்டியெடுக்க வேண்டும். மூலைகளைச் சதுரமாக விடாமல் வட்டமாக வெட்டினால் அங்கிருந்து விரிசல் கிளம்பாது. அதே கனமுள்ள மைல்ட் ஸ்டீல் தகட்டை ரிம்மின் வளைவுக்கு உருட்டி, ஓட்டைக்குள் அமரும்படி வைத்து, விளிம்போடு விளிம்பு சேர்த்துப் பற்றவைக்க வேண்டும். கழித்துப்போட்ட அதே அளவு ரிம் ஒன்று கிடைத்தால், அதில் நல்ல துண்டு ஒன்றை வெட்டி வைப்பது இன்னும் சுலபம். வளைவு தானாகவே பொருந்தும். ஒரே இழுப்பில் பற்றவைக்காமல், எதிரெதிர்ப் பக்கங்களில் சிறிது சிறிதாக வைத்து ஆறவிட்டால் ரிம் கோணாது. டியூப் படும் பக்கத்தைத் தகட்டின் மட்டத்துக்குக் கிரைண்டரால் தேய்த்து, விரலை ஓட்டிப் பார்க்க வேண்டும். விரலில் உறுத்துவது எதுவோ அது டியூபையும் உறுத்தும். புதிய வால்வு ஓட்டையின் விளிம்பையும் அரம் போட்டு மழுக்குங்கள்.

எம்-சீல் போன்ற பசையை வைத்து அடைத்தால் போதாதா?

துரு நீக்கிய பின் எஞ்சும் ஆழமற்ற குழிகளை நிரவி, டியூப் உராயாமல் செய்ய அது உதவும். பலம் தராது. ஓட்டையை அடைக்க அதை நம்ப வேண்டாம்.

லக் ஓட்டைகள் நீண்டுவிட்டன, போல்ட்டை எவ்வளவு இறுக்கினாலும் தளர்கிறது. இது எதனால்?

எங்களிடம் வரும் தேய்மானத்தில் பெரும்பகுதி இதுதான். இறுக்கமான போல்ட்டு, லக்கையும் டிஸ்க்கையும் ஒன்றோடொன்று அழுத்திப் பிடிக்கிறது. விசை அந்த உராய்வின் வழியாகவே கடந்துபோகிறது. இறுக்கம் குறைந்ததும், சக்கரம் சுற்றும் ஒவ்வொரு முறையும் போல்ட்டின் உடம்பு ஓட்டையின் சுவரில் இடிக்கத் தொடங்குகிறது. நட்டுக்கு அடியிலிருந்து செம்பழுப்புத் தூள் கோடாக வழிந்திருந்தால் உள்ளே இடி நடக்கிறது என்று பொருள். வாசரைக் கழற்றிப் பார்த்தால் ஒரு பக்கம் மட்டும் கண்ணாடி போலப் பளபளத்திருக்கும். அரைக் கேஜ் வீலை (இரும்புக் கூண்டுச் சக்கரம்) பின்சக்கரத்தோடு சேர்த்து மாட்டித் தொழி உழும் வண்டிகளில் இது விரைவில் வருகிறது; எடை வெளிப்பக்கம் தள்ளிப்போவதால் லக்குகளுக்கு வேலை கூடுகிறது.

ஓட்டை சிறிதளவே நீண்டிருந்தால், பின்னால் செம்புத் தகட்டை வைத்து வெல்டிங்கால் முழுவதும் நிரப்பி, இருபுறமும் மட்டமாக்கி, மறுபடி துளையிடலாம். செம்பில் வெல்டிங் ஒட்டாது. எட்டு ஓட்டைகளில் ஒன்றிரண்டுதான் கெட்டிருக்கின்றன என்றால் இது போதுமான வழி. லக்கே மெலிந்து அல்லது வேரில் விரிசல் விட்டுப் போயிருந்தால் வெட்டிவிட்டுப் புதிதாக வைக்க வேண்டும். வெட்டும் முன், கெடாத லக் ஒன்றில், ரிம்மின் விளிம்பிலிருந்து லக்கின் முகம் வரை உள்ள தூரத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். எட்டு நிலைகளின் கணக்கு அந்த ஓர் அளவில்தான் நிற்கிறது. புதிய லக்குகளை டிஸ்க்கோடு போல்ட்டால் பூட்டி, டிஸ்க்கை ரிம்முக்குள் நடுவாக நிறுத்தி, முதலில் புள்ளிப் பற்று மட்டும் வைத்து, அச்சில் மாட்டிச் சுற்றிப் பார்க்க வேண்டும். ஓட்டம் சரியாக இருந்தால்தான் முழு வெல்டிங்.

இந்த இடத்துக்கு 7018 வெல்டிங் ராடு பொருத்தம். மெல்லிய தகட்டு ஒட்டுக்குப் பயன்படும் 6013 இங்கே வேண்டாம். ஆனால் 7018 ஈரத்தை இழுக்கும் ராடு. சென்னையின் காற்றில், அதுவும் ஐப்பசி கார்த்திகையில், பிரித்துப்போட்ட பாக்கெட்டிலிருந்து எடுத்து வைத்தால் வெல்டிங்குக்குள் துளைகளும் பின்னர் விரிசலும் வரும். அடுப்பில் 300 முதல் 350 டிகிரி செல்சியஸில் காயவைத்த ராடா என்று வெல்டரிடம் கேட்கத் தயங்க வேண்டாம்.

டிஸ்க்கின் ஓட்டைகளையும் சேர்த்துப் பாருங்கள். லக்கைப் புதிதாக்கிவிட்டு நீண்ட ஓட்டையுள்ள டிஸ்க்கை அதோடு பூட்டினால், அடுத்த பட்டத்துக்குள் அதே பழுது திரும்பும்.

சக்கரம் ஆடி ஆடி ஓடுகிறது. ரிம் வளைந்துவிட்டதா?

முதலில் போல்ட்டுகளையும் ஹப் பேரிங்கையும் சரிபாருங்கள். அவை சரியென்றால், சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, ரிம் விளிம்புக்கு அருகே ஒரு கம்பியை அசையாமல் நட்டு, மெதுவாகச் சுற்றுங்கள். கம்பிக்கும் விளிம்புக்கும் இடையிலான இடைவெளி மூன்று மில்லிமீட்டருக்குள் மாறினால் உழவுக்குக் குறையில்லை. அதற்கு மேல் என்றால், பல சமயம் குற்றவாளி லக்குக்கும் டிஸ்க்குக்கும் நடுவே சிக்கிய துருக்கட்டியோ கனமான பெயிண்ட்டோதான்.

எந்தப் பெயிண்ட் அடிப்பது? கால்வனைஸ் செய்யலாமா?

துருநீக்கிய அன்றே பிரைமர் அடித்துவிட வேண்டும். சென்னைக் காற்றில் ஓரிரவு வெறும் இரும்பாக விட்டால் காலையில் செம்மை படர்ந்திருக்கும். ரெட் ஆக்சைடு மலிவு, வெளிப்பக்கத்துக்குப் போதும். நீர் நிற்கும் உட்பக்கத்துக்கு, துத்தநாகம் கலந்த எபாக்சி பிரைமரும் அதன்மேல் எபாக்சியும் கொடுக்கும் செலவு வீணாகாது. லக்கும் டிஸ்க்கும் சேரும் முகங்களில் மட்டும் மெல்லிய பிரைமரோடு நிறுத்துங்கள். அங்கே கனமாகப் பெயிண்ட் அடித்தால், ஓட ஓட அது நசுங்கி, போல்ட்டு தளரும். மேலே சொன்ன லக் தேய்மானத்துக்கு அதுவே ஆரம்பம்.

சுமார் 450 டிகிரியில் உருகிய துத்தநாகத்தில் முக்கியெடுக்கும் கால்வனைசிங், கடற்கரையில் ஓடும் வண்டிகளுக்கு நல்ல முதலீடு. லக்கின் அடியில் வெல்டிங் விடுபட்ட சந்துகள் இருந்தால், முன்னதாக முக்கும் அமிலம் அங்கே தங்கிவிடும். எனவே எல்லாச் சந்துகளையும் மூடிய பிறகே அனுப்ப வேண்டும்.

புதுப்பேட்டையில் பழைய ரிம் வாங்கலாமா?

கையில் அளவு நாடாவோடு போனால் வாங்கலாம். விட்டம் 28 அங்குலம் என்பது மட்டும் போதாது, பீடிலிருந்து பீடு வரையுள்ள அகலமும் உங்கள் டயருக்கு ஒத்துவர வேண்டும். டிஸ்க்கோடு சேர்த்து வாங்குவதானால், அதை அச்சில் பூட்டும் எட்டு ஓட்டை வட்டத்தின் விட்டம் பெரும்பாலான வண்டிகளில் 203.2 மி.மீ., அதாவது எட்டு அங்குலம். நடு ஓட்டை 152.4 மி.மீ. புதிதாகப் பெயிண்ட் அடித்து அடுக்கிவைத்திருப்பதைவிட, துருவோடு கிடப்பதையே நாங்கள் எடுப்போம்: அதில் விரிசல் இருந்தால் கண்ணுக்குத் தெரியும்.

முன்சக்கர ரிம்மையும் இதேபோல் சரிசெய்யலாமா?

வேண்டாம். சிறிய ரிம், அதிகக் காற்றழுத்தம், திசைதிருப்பும் சக்கரம். புதிது வாங்குங்கள், பாடி, அம்பத்தூர் வட்டாரத்தில் சக்கரத் தொழிற்சாலையே இருக்கும் ஊர் இது, கிடைப்பது கடினமில்லை.

சரிசெய்த ரிம்மில் டயர் மாட்டும்போதும் அதன் பிறகும் என்ன பார்க்க வேண்டும்?

டயர் வரியின் அம்புத்திசையை முதலில் பாருங்கள். ரிம்மைத் திருப்பி அகலம் மாற்றியிருந்தால் வரி தலைகீழாகிவிடும். அப்போது இடச்சக்கரத்தை வலப்பக்கமும் வலச்சக்கரத்தை இடப்பக்கமும் மாற்ற வேண்டும். பீடில் சோப்புத் தண்ணீர் தடவி, டியூபில் பிரெஞ்ச் சாக் தூவி மாட்டுங்கள். பீடு உட்காரவில்லை என்று 35 பி.எஸ்.ஐ.க்கு மேல் காற்றேற்றவே கூடாது. இறக்கி, சோப்பு தடவி, மறுபடி முயல வேண்டும். காற்றேறும்போது எவரும் சக்கரத்தின் மேல் குனிந்து நிற்க வேண்டாம்.

போல்ட்டுகளை வரிசையாக இறுக்காமல் எதிரெதிராக, வண்டியின் கையேடு சொல்லும் அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும். ஒரு மணி நேரம் ஓடிய பிறகு மறுபடி இறுக்கிப் பார்க்கவும். பிறகு முதல் வாரம் முழுவதும் தினமும் காலையில், வண்டியைக் கிளப்பும் முன். பெரும்பாலும் இரண்டாம் நாளுக்குள் ஒன்றிரண்டு நட்டுகள் கால் சுற்று ஏறும், அது இயல்புதான். ஐந்தாம் நாளும் ஏறிக்கொண்டே இருந்தால், உழவைத் தொடராமல் சக்கரத்தைக் கொண்டுவாருங்கள்.